ஆசிரியர் காட்டிய தொழில்வழி: ஈழத்துக் கல்வி வரலாறு புகட்டும் பாடம்

ஓர் இளைஞன் எத்தொழிலை மேற்கொள்வான் என்பதைத் தீர்மானிக்கும் ஏதுக்கள் பல. பிறந்த குடி, பெற்றோர் விருப்பம், கையிலுள்ள பொருள், நாட்டின் அரசியல் நிலை ஆகிய யாவும் அவனை ஒவ்வொரு பக்கமாக இழுக்கின்றன. இவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணத் தக்க இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவனுக்கு வாய்க்கும் ஆசிரியரே அது.

வீட்டில் ஒரு மொழியும் சமயமும், பள்ளியில் வேறொரு மொழியும் சமயமும் என்று இரண்டுக்கும் நடுவே வளரும் பிள்ளைக்கு ஆசிரியரின் செல்வாக்கு இருமடங்காகும். அவனுடைய வீட்டார் பள்ளிக்கூட உலகத்தை அறியார். பள்ளிக்கூடமோ அவனுடைய வீட்டை அறியாது. இரண்டையும் ஒருங்கே காணும் வாய்ப்புடையவர் ஆசிரியர் ஒருவரே. அவர், "உன் வீட்டைத் துறந்து வா, உனக்கு வாழ்வு தருகிறேன்" என்று அழைக்கலாம். அல்லது, "உன் வீட்டிலிருந்து கொண்டு வந்ததையும் இங்கே வை, அதற்கும் வேலையுண்டு" என்று இடங்கொடுக்கலாம். இவ்விரண்டினுள் எதனை அவர் செய்கிறார் என்பதைப் பொறுத்தே மாணாக்கனின் பிற்காலத் தொழில் அமைகின்றது. இதனை நாம் வெறும் ஊகமாகக் கூறவில்லை. நமது ஈழநாட்டின் சென்ற இருநூறு ஆண்டுக் கல்வி வரலாறே இதற்குச் சான்று.

மிஷன் பள்ளிகளும் சைவ வீட்டுப் பிள்ளைகளும்

அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். வெஸ்லியன் மிஷனரிமாரும் ஏறத்தாழ அக்காலத்திலேயே தம் கல்விப் பணியைத் தொடங்கினர். 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையிலே ஒரு செமினறியை நிறுவினர். டானியேல் பூவர் என்பார் அதன் முதல் தலைவர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாத்திரம் ஆகிய பாடங்கள் அங்கே உயர்தரத்திற் கற்பிக்கப்பட்டன.

இப்பள்ளிகளின் நோக்கம் சமயமாற்றம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவற்றை நிறுவியவர்களே அதனை மறைக்கவில்லை. ஆயினும் நிறுவனத்தின் நோக்கம் ஒன்று, வகுப்பறையிலே நின்ற ஆசிரியரின் இயல்பு மற்றொன்று. ஒரே மிஷனுக்குள்ளேயே மாணாக்கனின் தமிழை இகழ்ந்தவரும் இருந்தனர், அதனைத் தாமே விரும்பிக் கற்றவரும் இருந்தனர். 1836 முதல் செமினறியின் தலைவராயிருந்த ஹென்றி ஹொய்சிங்ரன், சிவஞானபோதம் முதலிய சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்காவிலே வெளியிட்டார். அவருடைய கருத்து எதுவாயினும் ஆகுக. தம் வீட்டு நூலை வெள்ளைக்கார ஆசிரியர் ஒருவர் இரவு விளக்கில் வைத்துப் படிக்கத் தக்கதாகக் கொண்டார் என்பது, அக்கால மாணாக்கர் மனத்தில் எதனையோ விதைத்திருக்க வேண்டும். அந்த விதை என்னவாக முளைத்தது என்பதை இரண்டு மூன்று வாழ்க்கைகளைக் கொண்டு காண்போம்.

பேர்சிவலும் ஆறுமுகநாவலரும்

1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆம் நாள் நல்லூரிலே பிறந்த ஆறுமுகம் என்னும் சிறுவன், வெஸ்லியன் மிஷனாரின் ஆங்கிலப் பள்ளியிற் சேர்ந்தான். பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என விளங்குவது அதுவே. அப்பள்ளியின் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். மாணாக்கனாக வந்த ஆறுமுகத்தை அவர் அங்கேயே ஆசிரியராக அமர்த்தினார். வேதாகமத்தைத் தமிழாக்கும் பெரும்பணியிலே தமக்குத் துணையாகவும் கொண்டார். நீறணிந்த நெற்றியோடு, சைவ ஆசாரம் வழுவாமல், கிறிஸ்தவப் பள்ளியிலே நாவலர் பணிபுரிய முடிந்தது. மதம் மாறினாற்றான் மதிப்பு என்றிருந்த காலத்தில் இஃது எளிய செயல் அன்று.

இதன் பயன் என்ன? வகுப்புகளாகப் பிரித்துப் பாடம் நடத்தும் முறை, அச்சிட்ட பாடநூல், பொது மக்கள் முன் நின்று செய்யும் பிரசங்கம் ஆகிய மூன்று கருவிகளையும் நாவலர் அவ்விடத்தில் நேரே கண்டார். அதுவரை நம் நாட்டிலே தமிழ் கற்றவர்க்கு இருந்த வழிகள் சில. திண்ணையிற் சில பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லலாம். கோயிலிற் புராணம் படித்துப் பயன் சொல்லலாம். பிரபுக்கள்மீது பாட்டுப் பாடிப் பரிசில் பெறலாம். இவற்றிற்கு அப்பால் ஒரு புதிய தொழிலை நாவலர் தமக்கெனச் சமைத்துக்கொண்டார். 1847ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். பாலபாடங்களை எழுதினார். பழைய நூல்களைப் பிழையறப் பரிசோதித்துப் பதிப்பித்தார். பள்ளி நடத்துநர், பாடநூலாசிரியர், பதிப்பாசிரியர், பிரசங்கி என்னும் நான்கு தொழில்களையும் ஒருவரே செய்து, பின் வந்தோர் ஒவ்வொன்றையும் தனித்தனியே மேற்கொள்ள வழி வகுத்தார்.

பேர்சிவல் தம் மாணாக்கன் இவ்வாறு ஆக வேண்டும் என்று திட்டமிடவில்லை. அவர் எண்ணியது வேறாகவே இருந்திருக்கும். ஆயினும் மாணாக்கனின் நீற்றை அழிக்கச் சொல்லாமல் வேலையை மட்டும் கேட்டார். அவ்வளவே அவர் செய்தது. அதுவே போதுமானதாயிற்று. நல்லாசிரியர் தம் மாணாக்கன் தம்மை மறுத்து நிற்கும் நிலைக்கும் அவனை வளர்த்துவிடுவார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் வரலாற்றில் இல்லை.

ஆசிரியரும் மாணாக்கரும் ஒருங்கே பெற்ற பட்டம்

1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் பயின்றவர். அச்செமினறியிலே கணிதத்திற் பெரும்பெயர் பெற்ற ஆசிரியராய் விளங்கியவர் கறோல் விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது, அதன் முதற் பட்டதாரிகளாய் வெளிவந்தோர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் விசுவநாதபிள்ளை. மாணாக்கன் பரீட்சைக்குச் செல்லும்போது, கற்பித்த தலைமுறையைச் சேர்ந்தவரும் வெட்கமின்றி அவன் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்தார் என்பதை நினைக்கும்போது நமக்கு உள்ளம் பூரிக்கின்றது. கற்கும் வயது கடந்துவிட்டது என்று சோர்ந்திருக்கும் பெரியோர்க்கும் அதில் ஒரு செய்தி உண்டு.

தாமோதரம்பிள்ளையைச் சென்னைக்கு அழைத்தவர் யார் என்பதும் இங்கே கருதத்தக்கது. நாவலரின் பழைய தலைவரான அதே பேர்சிவல், யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்னை சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தியபோது, அதன் பணிக்குத் தாமோதரம்பிள்ளையை அழைத்துக்கொண்டார். ஆகவே ஆசிரியத் தொழிலோடு பத்திரிகைத் தொழிலும் அவருக்குக் கைவந்தது. பின்பு அரசாங்கக் கணக்குத் திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தார், சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞரானார், புதுக்கோட்டையிலே நீதிபதியாயும் அமர்ந்தார். உலகியலார் வியக்கும் பதவிகள் இவை.

ஆனால் இன்று அவரை நாம் நினைப்பது அப்பதவிகளுக்காக அன்று. ஏட்டுச் சுவடிகளிலே செல்லரித்துக் கிடந்த தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் அச்சிலே கொணர்ந்தார் என்பதற்காகவே நினைக்கின்றோம். 1868இல் அவர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டபோது நாவலரே அதனைப் பரிசோதித்துதவினார். பகலில் நீதிமன்றம், இரவில் ஏடு என அவர் வாழ்ந்தார். உத்தியோகம் அவருக்குச் சோறிட்டது, பதிப்புப்பணி அவருக்குப் பெயரிட்டது. இரண்டையும் ஒருவரே தாங்க முடிந்தமைக்குக் காரணம், ஆங்கிலத்தையும் தமிழையும் ஒன்றுக்கொன்று பகையாகக் காட்டாத பள்ளியிலே அவர் பயின்றமையேயாம். கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த அவர் பின்னாளிற் சைவராயினார் என்பதும் அனைவரும் அறிந்ததே.

டாக்டர் கிறீனின் தமிழ் வைத்திய வகுப்பு

தொழிலும் மொழியும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை அறிய விரும்புவோர் மானிப்பாயை நோக்குதல் வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848 முதல் மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தியதோடு, தமிழ் இளைஞரை மேலைநாட்டு வைத்தியத்திற் பயிற்றவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறியோருக்கு வெளியூர்களில் அரசாங்க உத்தியோகமும் கூடுதலான சம்பளமும் காத்திருந்தன. அவ்வழியே அவர்கள் செல்லத் தலைப்பட்டனர். கிராமத்து நோயாளியோ முன்பிருந்தபடியே கிடந்தார்.

இதனைக் கண்ட கிறீன் மாணாக்கரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் கற்பித்தல் முறையையே மாற்றினார். 1864ஆம் ஆண்டு முதல் வைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்கலானார். அதற்குத் தமிழில் நூல் இல்லை. எனவே தாமே தமிழைக் கற்று, தம் மாணாக்கரையே துணைக்கொண்டு, நூல்களைத் தமிழாக்கினார். இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும், ஒவ்வொரு நோய்க்கும், ஒவ்வொரு மருந்துக்கும் தமிழ்ப்பெயர் தேடிய அம்முயற்சி, அறிவியற் றமிழின் முதற் படிகளுள் ஒன்று. 1873இல் அவர் தாயகம் திரும்புவதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கிவிட்டார்.

தம் மாணாக்கர் மேலைநாட்டு உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் தம் ஊரவராகவே இருந்து, தம் ஊரவர்க்கே வைத்தியஞ் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1884இல் அவர் அமெரிக்காவில் இறந்தபோது, தமிழருக்கு வைத்தியத் தொண்டு புரிந்தவர் என்னும் செய்தியே அவருடைய கல்லறைக் கல்லிற் பொறிக்கப்பட்டது. கற்பித்த மொழியை மாற்றியதனால் மாணாக்கர் தொழில் செய்யும் இடமே மாறியது என்பதை இன்றைய கல்வியதிகாரிகள் சற்றே சிந்தித்தல் நன்று.

கோறணமேந்துக் காலம்

இவ்வளவும் நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் காட்டாவிடின் நாம் வரலாறு எழுதியவராகோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசாங்கக் கந்தோர்கள் பெருகின. தபால், புகையிரதம், சுங்கம், நில அளவை ஆகிய பகுதிகளெல்லாம் ஆங்கிலமறிந்த லிகிதர்களைத் தேடின. 1880களிலிருந்து மலாயா நாடும் யாழ்ப்பாணத்து இளைஞரைக் கைநீட்டி வரவேற்றது. புகையிரத நிலையத்திலும் கந்தோரிலும் வேலை கிடைத்தது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்னும் பழமொழி நம்மூரிலே வேரூன்றியது.

இதனை நாம் எள்ளி நகையாடவில்லை. மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளைகளே வரண்ட நிலத்திற் கல்வீடுகளை எழுப்பின, தங்கையரைக் கரையேற்றின, கோயிற் றிருப்பணி செய்தன, ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மண்டபம் கட்டின. அந்த இளைஞர் தம் கடமையைச் செய்தனர். குறை அவர்களிடத்தில் இல்லை. அவர்களுட் பலருக்கு வாய்த்த ஆசிரியர்கள், பரீட்சைத் தாளுக்கு அப்பால் எதனையும் காட்டவில்லை என்பதே குறை. கணக்குப் பிழையாது எழுதவும், கையெழுத்து அழகாயிருக்கவும், மேலதிகாரி சொன்னதைக் கேட்கவும் பயிற்றினார்கள். வீட்டிலே பேசும் மொழி வகுப்பிலே குற்றமாயிற்று. தமிழிற் பேசிய பிள்ளைக்குத் தண்டனை விதித்த பள்ளிகளும் இருந்தன. அத்தகைய பள்ளியினின்று வெளிவந்தவன் நல்ல லிகிதனானான். அவனுள்ளே உறங்கிய கணிதப்புலவனோ கைவினைஞனோ எழுத்தாளனோ எழுப்புவாரின்றி உறங்கியபடியே ஓய்வூதியம் பெற்றான்.

இந்த இழப்பை முன்னரே உணர்ந்தவர் நாவலர். சைவப் பிள்ளைகள் ஆங்கிலமும் கற்க வேண்டும், அதன்பொருட்டு வீட்டைத் துறக்கவும் கூடாது என்று கருதி, 1872இல் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். போதிய ஆதரவின்றி அது சில ஆண்டுகளில் நின்றது. அவர் 1879இல் மறைந்தார். எனினும் அவ்வெண்ணம் மறையவில்லை. சைவ பரிபாலன சபையார் 1890இல் ஓர் ஆங்கிலப் பாடசாலையைப் பொறுப்பேற்றனர். அதுவே இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி.

பெண்மக்கள் கல்வியையும் மறத்தலாகாது. உடுவிலிலே 1824இல் தொடங்கிய பெண்பாடசாலையில் எலிசா அக்னியூ அம்மையார் 1840 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றினார். அடுக்களையன்றி வேறறியாத பெண்களுக்கு ஆசிரியத் தொழில் என்னும் கதவு அங்கே திறந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவினார். தம் பெண்களைச் சைவச் சூழலிலேயே கற்பிக்க விரும்பிய பெற்றோருக்கு அஃது ஆறுதல் தந்தது. அச்சைவக் கல்லூரியின் முதல் தலைவியாக வந்து பணிபுரிந்தவர் புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கில மாது என்பது பலர் அறியாத செய்தி. இலண்டன் நாடக மேடையிற் புகழ்பெற்ற அவர், கடைசிக் காலத்தை இம்மண்ணிலே கழித்து 1917இற் கொழும்பில் மறைந்தார்.

மயில்வாகனன், அசீஸ், சிவத்தம்பி

இனிக் கிழக்கு நோக்குவோம். 1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், ஊரிலே தமிழ் கற்று, கல்முனையில் மெதடிஸ்த பள்ளியிலும், பின்பு மட்டக்களப்பில் யேசுசபைத் துறவிகள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கணிதமும் விஞ்ஞானமும் அவருக்குக் கத்தோலிக்கர் வாயிலாகக் கிடைத்தன. பயின்ற கல்லூரியே அவரை ஆசிரியராகவும் ஏற்றது. பின்னர் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் ஒருவரிடத்தே கூடின. அவரே பின்னாளில் விபுலாநந்த அடிகள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர் அவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ்நூல், பழைய இசைநூற் செய்தியையும் பெளதிகக் கணக்கையும் ஒருங்கே அறிந்த ஒருவராலன்றி எழுதத் தக்கதன்று. காரைதீவுத் திண்ணையும் மிக்கேல் கல்லூரி ஆய்வுகூடமும் அந்நூலிலே கைகோத்து நிற்கின்றன.

அடிகளார் காலத்தவரே, 1911இல் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அசீஸ் என்னும் முஸ்லிம் பெருமகன். அவர் முதலிற் குர்ஆன் மதுரசாவிலும், பின்பு இராமகிருஷ்ண சங்கத்தார் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். சைவப் பிள்ளைகள் நடுவே ஒரு முஸ்லிம் பிள்ளையாய் வளர்ந்த அவர், தம் மார்க்கத்தையும் விடவில்லை, தமிழையும் விடவில்லை. அப்பள்ளிகளை அவர் பிற்காலத்திலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். நாவலருக்கு வெஸ்லியன் பள்ளி அளித்த இடத்தை, அசீஸ் அவர்களுக்கு நாவலர் மரபிலே தோன்றிய பள்ளி அளித்தது. வரலாறு கடனைத் திருப்பிச் செலுத்தும் முறை இதுவாகும்.

1935இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெருமையை அசீஸ் பெற்றார். அக்காலத்தில் அதனினும் உயர்ந்த உத்தியோகம் நாட்டில் இல்லை. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராகச் சென்ற அவர், அவ்வட்டாரத்து முஸ்லிம் மக்களின் கல்விக் குறையைக் கண்டார். விபுலாநந்த அடிகளாரின் பழக்கமும் அங்கே அவருக்குக் கிடைத்தது. 1945இல் முஸ்லிம் மாணாக்கருக்கு உதவிபுரிய ஒரு புலமைப்பரிசில் நிதியத்தை அவர் நிறுவினார். 1948இல், யாவரும் வியக்கும்படி, சிவில் சேவையைத் துறந்து கொழும்பு சாகிறாக் கல்லூரியின் அதிபரானார். கோறணமேந்துக் கோழியை நாடெல்லாம் தேடி ஓடிய காலத்தில், கையிலிருந்ததை விட்டுவிட்டு வகுப்பறைக்கு வந்தவர் அவர்.

அவர் அதிபராயிருந்த காலத்திலே சாகிறாவிற் பயின்ற பிறசமய இளைஞரும் பலர். வடமராட்சிக் கரவெட்டியிலிருந்து சென்ற கார்த்திகேசு சிவத்தம்பி அவர்களுள் ஒருவர். பிறகு அங்கேயே ஆசிரியருமானார். பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட தமிழ்ப் பேராசிரியராய், 2011இல் மறையும்வரை நம்மிடையே விளங்கினார். இந்துக் கல்லூரியிலே பயின்ற முஸ்லிம் ஒருவர், முஸ்லிம் கல்லூரியின் அதிபராகி, சைவ வீட்டுப் பிள்ளை ஒருவருக்கு வழிகாட்டினார். இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் நமக்கு இழப்பே.

இவ்வரிசையிலே ஹண்டி பேரின்பநாயகம் அவர்களையும் சேர்த்தெண்ண வேண்டும். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் உயிர்நாடி. அவ்வமைப்பினரே 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். அவரே பின்னர்க் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகிப் பல்லாண்டு தொண்டாற்றினார். உத்தியோகத்தை மட்டுமே கனவு கண்ட இளைஞருக்கு, நாட்டுக்காக உழைப்பதும் ஒரு வாழ்வு என்று காட்டியவர் அவர்.

இன்றைய நிலை

1945இல் இலவசக் கல்வி வந்தது. ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு திறந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் பல அரசாங்கத்தின்கீழ் வந்தன. 1956இல் நிறைவேறிய தனிச்சிங்களச் சட்டம் தமிழிளைஞரின் அரசாங்க உத்தியோக வழியைக் குறுக்கியது. 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வழியையும் குறுக்கியது. பின்னர் 2009 வரை நீடித்த போர், ஒரு தலைமுறையின் பள்ளி நாட்களையே விழுங்கியது. இவற்றால் ஏற்பட்ட காயங்களை நாம் அறிவோம்.

ஆயினும் சட்டங்களைக் குறித்து மட்டும் பேசி, வகுப்பறையைக் குறித்துப் பேசாது விடுதல் தகாது. இன்று நம் இளைஞருக்குக் காட்டப்படும் தொழில்கள் எத்தனை? வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்னும் மூன்றுக்கு மேலே எண்ண நம் நா எழுவதில்லை. நூறு ஆண்டுக்கு முன் லிகிதர் வேலை இருந்த பீடத்திலே இன்று வேறு பெயர்களை ஏற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவே வேற்றுமை. தனியார் வகுப்பிலே புள்ளி எடுக்கும் வித்தையைக் கற்பிப்போர் பெருகிவிட்டனர். பிள்ளையின் இயல்பைக் கண்டு சொல்பவர் அருகிவிட்டனர்.

மலைநாட்டை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. அங்கே ஆசிரியராய்ச் செல்லும் நம்மவர், "இவன் எப்படியும் மலையிலே கொழுந்தெடுக்கப் போகிறவன்தானே" என்று மனத்துள் நினைத்தாலே போதும், அந்தப் பிள்ளையின் கதவு மூடிவிடும். வாயாற் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தை வாசிக்க வல்லவர்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் வளரும் நம் பிள்ளைகளின் நிலையையும் நோக்குக. வீட்டிலே தமிழும் பள்ளியிலே பிறமொழியுமாக அவர்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கு வாய்க்கும் வேற்றின ஆசிரியர் ஒரு பேர்சிவலாக, ஒரு கிறீனாக இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். அவ்வாறாயின், நம் பள்ளிக்கு வரும் பிறர் பிள்ளைக்கு நாம் யாராக இருக்கின்றோம் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு.

நாம் செய்யத்தக்கவை

இக்கட்டுரையிற் கண்ட ஆசிரியர்கள் யாவரும் ஒரு வகையினர் அல்லர். சமயம் வேறு, நாடு வேறு, நோக்கம் வேறு. எனினும் அவர்களிடத்தே பொதுவாய்க் காணப்பட்ட பண்புகள் இரண்டு. மாணாக்கன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மொழியையும் நெறியையும் சுமையெனக் கருதாது முதலெனக் கருதினர். அவன் கையில் மெய்யான வேலையொன்றைக் கொடுத்து, அதனைச் செய்யவிட்டனர். மொழிபெயர்ப்போ, பத்திரிகையோ, நோயாளியின் காயமோ, வகுப்பு நடத்துவதோ, ஏதோவொன்று. அறிவுரையினும் அவ்வேலையே அவர்களுடைய தொழிலைத் தீர்மானித்தது.

எனவே இளைஞர் சங்கத்தினராகிய நாம் செய்யத்தக்க சிலவற்றை முன்வைக்கின்றோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பலவகைத் தொழில் புரிவோரும் நம் ஊரில் இருக்கின்றனர். தச்சர், மீன்பிடி வள்ளம் கட்டுவோர், தாதியர், அச்சகத்தார், கமக்காரர், கணினி வேலை செய்வோர் ஆகியோரை மாதம் ஒருமுறையேனும் அழைத்து, தம் தொழிலைப் பற்றிப் பேசச் செய்யலாம். விரும்பும் பிள்ளைகள் அவர்களோடு சில நாள் இருந்து வேலை பழகவும் ஒழுங்கு செய்யலாம். நம் வாசிகசாலைக்கும் மாலை வகுப்புக்கும் அயலிலுள்ள முஸ்லிம், கிறிஸ்தவ, சிங்களப் பிள்ளைகளையும் வரவேற்கலாம். நம்முள் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளப் போவோர் சிங்களத்தையும் கற்றுக்கொள்ளலாம். கிறீன் தமிழைக் கற்றது எவ்வாறு தம் மாணாக்கரின் பொருட்டோ, அவ்வாறே இதுவும் வருங்கால மாணாக்கரின் பொருட்டாகுக.

பெரியோர்களே, பிள்ளைகளின் புள்ளியறிக்கையைக் கேட்குமுன், "உன்னைக் கவர்ந்த ஆசிரியர் யார், அவர் உனக்கு என்ன வேலை தந்தார்?" என்று ஒருமுறை கேளுங்கள். இளைஞர்காள், உங்களுக்கு இடங்கொடுத்த ஆசிரியர் எச்சமயத்தவராயினும் எவ்வினத்தவராயினும் அவரை மறவாதீர்கள். அவருக்கு நீங்கள் செலுத்தத்தக்க குருதட்சணை ஒன்றே. நாளை உங்கள் முன்னே, உங்கள் மொழி பேசாத, உங்கள் கோயிலுக்கு வராத ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, அதற்கும் ஓர் இடமும் ஒரு வேலையும் கொடுங்கள். அப்பணியிலே நம் சங்கம் முன்னிற்குமாக.